கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் நிதியுதவி: நம் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"பையன் எந்த யூனிவர்சிட்டி?" என்று யாராவது கேட்டால், "கம்யூனிட்டி காலேஜ்" என்று சொல்லக் குரல் இறங்கிவிடும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். குரல் இறங்க வேண்டியதே இல்லை. இரண்டு வருடம் படித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மாறவோ, ஒரு தொழிலைக் கற்கவோ வழி தரும் அரசுக் கல்லூரி அது. நானும் அங்கே படித்தவள்தான், கையில் குழந்தையோடு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு. வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரத்தில் பெற்றோரும் மாணவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் கலிஃபோர்னியாவை வைத்துச் சொல்வது. தொகைகள் 2025-26 கல்வியாண்டை ஒட்டியவை.

யூனிட்டுக்கு 46 டாலர்தானே? இதற்குப் போய் எதற்கு நிதியுதவி?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. வகுப்பின் அளவை யூனிட் என்ற பாட அலகால் கணக்கிடுவார்கள். மாநிலவாசிக்கு 2012 கோடையிலிருந்து யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். முழுநேர மாணவராகச் செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தால் 552 டாலர், வருடத்துக்கு 1,104. கேட்கும்போது சின்னத் தொகைதான்.

ஆனால் மாணவர் படிப்பை விடுவது இந்த 552 டாலருக்காக அல்ல. வாடகை, சாப்பாடு, கார் இன்ஷூரன்ஸ், புத்தகம், லேப்டாப், இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்று கடையில் வாரம் 30 மணி நேரம் வேலைக்குப் போகிறார். அந்த 30 மணி நேரம் படிப்பைத் தின்றுவிடுகிறது. நிதியுதவியின் உண்மையான வேலை கட்டணத்தைக் கட்டுவதல்ல, மாணவருக்கு நேரத்தை வாங்கிக் கொடுப்பது. "கட்டணம் குறைவு, நாமே கட்டிவிடலாம்" என்று விண்ணப்பிக்காமல் விடும் குடும்பம், ஆயிரம் டாலரை மிச்சப்படுத்தத் தேவையில்லை என்று நினைத்துப் பத்தாயிரத்தைத் தவறவிடுகிறது. இது மிகைப்படுத்தல் அல்ல, கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

என்னென்ன வகை உதவிகள் இருக்கின்றன?

திருப்பித் தர வேண்டாத மானியம் ஒரு வகை. அதில் மத்திய அரசின் பெல் கிராண்ட், மாநிலத்தின் கேல் கிராண்ட் இரண்டும் முக்கியமானவை. கட்டணத்தையே வாங்காமல் விடும் விலக்கு இன்னொரு வகை. வேலை செய்து சம்பாதிக்கும் வொர்க்-ஸ்டடி, திருப்பிக் கட்ட வேண்டிய கல்விக்கடன், கல்லூரி அறக்கட்டளையும் வெளி அமைப்புகளும் தரும் ஸ்காலர்ஷிப், வருமான வரியில் திரும்ப வரும் கழிவு, இவையும் உண்டு. இவை தவிர, புத்தகக் கூப்பன், உணவுப் பொருள், அவசர உதவி என்று கல்லூரிக்குள்ளேயே கிடைப்பவை தனி. அவற்றைப் பற்றித்தான் நம்மவர்களுக்கு அதிகம் தெரிவதில்லை.

ஃபாஃப்சா என்பது என்ன? எப்போது போட வேண்டும்?

ஃப்ரீ அப்ளிகேஷன் ஃபார் ஃபெடரல் ஸ்டூடண்ட் எய்ட் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் நிதியுதவிக்கான ஒரே விண்ணப்பம் அது. மாநிலமும் கல்லூரியும் அதையே பார்த்து முடிவெடுக்கும். வழக்கமாக அக்டோபர் 1 வாக்கில் அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் திறக்கும். 2026 ஆகஸ்டில் படிப்பு தொடங்குகிறவர் 2026-27 படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்கு 2024-ஆம் ஆண்டு வருமானம்தான் கணக்கு. மாணவரும், படிவம் கேட்கும் பெற்றோரும் ஆளுக்கொரு கணக்கு தொடங்கி, வரித்துறையிலிருந்து விவரத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதம் தர வேண்டும். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் மத்திய அரசின் உதவி எதுவும் கிடைக்காது. "அப்பா இன்னும் லாகின் பண்ணவில்லை" என்பதாலேயே மாதக்கணக்கில் நின்றுபோன விண்ணப்பங்களைக் கண்டிருக்கிறேன். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் கணக்கு தொடங்க முடியும்.

இறுதித் தேதி கல்வியாண்டு முடியும் ஜூன் 30. ஆனால் அதை மனதில் வைக்காதீர்கள். கேல் கிராண்டுக்கு வழக்கமாக மார்ச் 2 கெடு. கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு மட்டும் செப்டம்பர் 2 என்று இரண்டாவது வாய்ப்பு உண்டு. வொர்க்-ஸ்டடி போன்றவை இருக்கும் பணம் தீரும்வரைதான்.

எங்கள் சம்பளம் அதிகம். போட்டு என்ன பயன்?

பெல் கிராண்ட் கிடைக்காமல் போகலாம். அதற்காகப் படிவம் வீண் இல்லை. வருமானம் பார்க்காமல் கட்டணத்தை விலக்கும் திட்டங்களுக்கும் பல கல்லூரிகள் ஃபாஃப்சாவைக் கேட்கின்றன. மத்திய அரசின் கடன் வேண்டுமென்றாலும் அதுதான் வாசல். நடுவில் ஒருவருக்கு வேலை போனால், ஏற்கெனவே படிவம் போட்டிருப்பவர் கல்லூரியில் உடனே மறுபரிசீலனை கேட்கலாம். பே ஏரியாவில் வேலை எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும்?

நான் தனியாக வாடகைக்கு இருக்கிறேன், என் வரியை நானே கட்டுகிறேன். அப்பா அம்மா வருமானத்தை ஏன் கேட்கிறார்கள்?

24 வயது ஆகாத, திருமணமாகாத மாணவர் எங்கே வசித்தாலும் படிவத்தின் கண்ணுக்குப் பெற்றோரைச் சார்ந்தவர்தான். சொந்தக் குழந்தையை வளர்ப்பவர், ராணுவத்தில் பணியாற்றியவர், பெற்றோரை இழந்தவர், ஃபாஸ்டர் கேரில் (அரசு ஏற்பாட்டில் வேறு குடும்பத்திடம்) வளர்ந்தவர், வீடற்ற நிலையில் இருப்பவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. வீட்டில் கொடுமை தாங்காமல் வெளியேறியவர்கள் கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் அதைச் சொல்ல வேண்டும். ஆலோசகர், மருத்துவர், சமூகப் பணியாளர் போன்றவரின் கடிதத்தை வைத்து அலுவலகம் முடிவை மாற்ற முடியும். சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள், அவர்கள் இத்தகைய கதைகளைக் கேட்டுப் பழகியவர்கள்.

ஊரில் இருக்கும் மனையையும் வீட்டையும் காட்ட வேண்டுமா?

வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீடும், ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளும் சொத்துக் கணக்கில் வராது. வேறு எந்த நிலம், வீடு இருந்தாலும் அது முதலீடு. அது ஃப்ரிமான்ட்டில் இருந்தாலும் ஒன்றுதான், திருச்சியில் இருந்தாலும் ஒன்றுதான். இந்திய வங்கியில் இருக்கும் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) வைப்புத்தொகையும் அப்படியே. படிவம் போடும் நாளின் மதிப்பை டாலருக்கு மாற்றி, கடன் இருந்தால் கழித்துக் காட்ட வேண்டும். தாத்தா பெயரில் இருப்பது உங்கள் சொத்து அல்ல. உங்கள் பெயருக்கு மாற்றி எழுதியாகிவிட்டது என்றால் உங்கள் சொத்து.

குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொத்துக் கேள்வியே வராது. வந்தால் மறைக்காதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கூட்டாட்சி ஆவணம் அது. குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ள குடும்பங்கள் இரட்டிப்புக் கவனமாக இருப்பது நல்லது.

விசாவைப் பொறுத்து யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

நம் குடும்பங்களுக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன். அப்பா எச்-1பி என்ற வேலை விசா, அம்மா அவரைச் சார்ந்தவருக்கான எச்-4 விசா என்றாலும் பிள்ளையின் தகுதி குறைவதில்லை. "நாங்கள் விசாவில் இருப்பதால் ஃபாஃப்சா போடக் கூடாது" என்று நினைத்து இரண்டு வருடம் சும்மா இருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பார்ப்பது மாணவரின் நிலையைத்தான், பெற்றோருடையதை அல்ல.

கிரீன் கார்டு உள்ளவருக்கும் குடிமகனுக்கும் இதில் வேறுபாடு கிடையாது. அகதியாக ஏற்கப்பட்டவர்களும், அடைக்கலம் வழங்கப்பட்டவர்களும் தகுதியானவர்கள். இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் பெற்ற குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடைக்கல மனு நிலுவையில் இருப்பது மட்டும் போதாது.

எச்-4-இல் வந்த பிள்ளைகள்தான் இடையில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று வயதில் வந்து இங்கேயே வளர்ந்தாலும் மத்திய அரசின் உதவி அவர்களுக்குக் கிடையாது. ஆனால் எச்-4 விசா கலிஃபோர்னியாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணத்துக்குத் தடையாக இல்லாத விசா வகை. அதனால் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்திருந்தால், மாநிலவாசிக்கான 46 டாலர் கட்டணத்தைக் கேட்க முடியும். இல்லையென்றால் வெளியார் கட்டணம், பல கல்லூரிகளில் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல். பதிவு செய்யும்போது வெளியார் என்று குறித்துவிட்டால் அப்படியே பணம் கட்டிவிடாதீர்கள். ரெசிடென்சி என்று கேட்டு, வாடகை ஒப்பந்தம், மாநில வரித்தாக்கல், உயர்நிலைப் பள்ளிச் சான்று இவற்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கல்லூரி அறக்கட்டளையின் ஸ்காலர்ஷிப்களில் சில விசா நிலையைக் கேட்பதில்லை, அவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம்.

21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வந்தால் கட்டண நிலையும் மாறக்கூடும். அந்தப் பிறந்தநாளுக்கு ஒரு வருடம் முன்பே கல்லூரியிலும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு வரிசையில் பதினைந்து வருடம் நின்ற பெற்றோரின் பிள்ளை, வரிசையிலிருந்து வயதால் தள்ளப்படுவது எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

இந்தியாவிலிருந்து நேரடியாக எஃப்-1-இல் வருகிறவருக்கு ஃபாஃப்சா கிடையாது. ஆவணம் இல்லாத மாணவர்கள், இங்கே மூன்று வருடம் பள்ளியில் படித்தது போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால், 2001-இல் வந்த ஏபி 540 சட்டத்தின்படி மாநிலவாசிக் கட்டணம் கட்டலாம். கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் என்ற தனிப் படிவத்தின் வழியாக மாநில உதவியும் பெறலாம்.

காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட், காலேஜ் ப்ராமிஸ், இரண்டும் ஒன்றா?

பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பிவிட்டார்கள். இரண்டும் வேறு.

கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட் என்பது முன்பு போர்டு ஆஃப் கவர்னர்ஸ் விலக்கு என்று அழைக்கப்பட்டது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 46 டாலர் கட்டணத்தை அப்படியே தள்ளுபடி செய்யும். ஒரே ஒரு யூனிட் எடுத்தாலும் உண்டு, எந்த வயதிலும் உண்டு. கையில் பணமாக வராது. ஹெல்த் ஃபீ, பார்க்கிங், புத்தகம் இதில் அடங்காது. தொடர்ந்து இரண்டு பருவம் மதிப்பெண் சராசரி 2.0-க்குக் கீழே இருந்தாலும், எடுத்த வகுப்புகளில் பாதியைக்கூட முடிக்காவிட்டாலும் இந்த விலக்கு போய்விடும்.

காலேஜ் ப்ராமிஸ் என்பது 2017-இல் வந்த ஏபி 19 சட்டத்தால் கல்லூரிகளுக்குத் தரப்படும் பணம். 2019-இல் அது இரண்டாம் ஆண்டுக்கும் விரிந்தது. முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவருக்கு, வருமானம் பார்க்காமல், இரண்டு வருடக் கட்டணத்தைப் பல கல்லூரிகள் இதிலிருந்து விலக்குகின்றன. விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நடுத்தர வருமானக் குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பெல் கிராண்ட் எவ்வளவு?

அதிகபட்சம் வருடத்துக்கு 7,395 டாலர். குறைந்தபட்சம் 740. ரோட் ஐலண்ட் செனட்டர் கிளைபோர்ன் பெல் பெயரால் வழங்கும் மானியம். 12 யூனிட் எடுத்தால் முழுத் தொகை, 9 எடுத்தால் முக்கால், 6 எடுத்தால் பாதி. வாழ்நாளில் முழுநேரக் கணக்கில் 12 செமஸ்டருக்கு மேல் கிடையாது. கம்யூனிட்டி காலேஜில் இலக்கில்லாமல் நாலைந்து வருடம் சுற்றினால், பின்னால் யூனிவர்சிட்டியில் தேவைப்படும்போது கை காலியாகிவிடும்.

2026 ஜூலை 1 முதல் இன்னொரு புதிய வழியும் திறக்கிறது. 8 வாரத்திலிருந்து 15 வாரத்துக்குள் முடியும், அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் கிராண்டைப் பயன்படுத்தலாம்.

கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. இங்கே கட்டண விலக்கு முதலில் வருவதால், பெல் பணத்தைக் கட்டணம் தின்பதில்லை. அது முழுவதும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் மாணவர் கைக்கு வருகிறது. மற்ற மாநிலங்களில் பல "இலவசக் கல்லூரி" திட்டங்கள் இதற்கு நேர் எதிர். 2015-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டென்னசி ப்ராமிஸில், பெல் பணத்தைக் கட்டணத்துக்கு வரவு வைத்துவிட்டு மீதி இருந்தால்தான் மாநிலம் நிரப்பும். விளம்பரத்தில் இரண்டும் இலவசம்தான், ஆனால் ஏழை மாணவர் கைக்கு வரும் பணத்தில் வித்தியாசம் பெரிது. வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினருக்கு அறிவுரை சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

12 யூனிட் எடுப்பதா, 15 எடுப்பதா?

மேலே காட்டுவதாகச் சொன்ன கணக்கு இதோ.

கேல் கிராண்டில் மூன்று வகை. ஏ வகை யூனிவர்சிட்டிக் கட்டணத்துக்கானது. கம்யூனிட்டி காலேஜில் இருக்கும்போது அதை இரண்டு வருடம் வரை உங்கள் பெயரில் ஒதுக்கிவைக்கச் சொல்லலாம். சி வகை தொழிற்கல்விக்கு. பி வகைதான் இங்கே பலருக்குப் பயன்படுவது. வருமான வரம்பும் 2.0 சராசரியும் பார்க்கும். செலவுக்காக வருடத்துக்கு 1,648 டாலர் வரை தரும். குழந்தை வளர்க்கும் மாணவருக்கு இது 6,000 வரை போகும். பள்ளி முடித்து எத்தனை வருடம் ஆயிற்று, வயதென்ன என்ற தடைகளைக் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு 2021-இல் எடுத்துவிட்டார்கள்.

பி அல்லது சி பெறும் முழுநேர மாணவருக்குக் கூடவே வருவது ஸ்டூடண்ட் சக்சஸ் கம்ப்ளீஷன் கிராண்ட். தனி விண்ணப்பம் கிடையாது. செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தால் 1,298 டாலர். 15 எடுத்தால் 4,000.

முழுப் பெல், கேல் கிராண்ட் பி இரண்டும் பெறும் மாணவர் 12 யூனிட் எடுத்தால், வருடத்துக்கு 7,395 + 1,648 + 2,596 = 11,639 டாலர். 15 எடுத்தால் 7,395 + 1,648 + 8,000 = 17,043. வருடத்துக்கு இரண்டு வகுப்பு கூடுதலாக எடுத்தால் 5,404 டாலர் அதிகம். கட்டணமும் கிடையாது. கல்லூரி கணிக்கும் மொத்தச் செலவைத் தாண்டக் கூடாது என்ற மேல்வரம்பு மட்டும் உண்டு.

இதைப் பார்த்ததும் எல்லாரையும் 15 எடுக்கச் சொல்ல மாட்டேன். கைக்குழந்தை இருப்பவருக்கும், இரவு ஷிஃப்ட் போகிறவருக்கும் 15 தாங்காது. ஆனால் கூடுதல் செலவுக்காக வேலைக்குப் போகும் இளைஞருக்கு நான் சொல்வது, அந்த 5,404 டாலரை வேலை நேரமாக மாற்றிப் பாருங்கள் என்பதுதான். அவ்வளவு மணி நேரத்தை வேலையிலிருந்து எடுத்து வகுப்புக்குக் கொடுக்கலாம். இதைச் சொல்லித் தர யாரும் இல்லாததால் 12 யூனிட்டோடு நின்றவர்கள் எத்தனை பேர்!

வொர்க்-ஸ்டடி என்றால் என்ன வேலை?

நூலகம், ஆய்வகம், டியூட்டரிங் மையம், அலுவலக மேசை. மத்திய அரசு சம்பளத்தில் பெரும்பங்கைத் தருவதால் கல்லூரி வகுப்பு நேரத்துக்கு ஏற்றபடி வேலை கொடுக்கும். இந்தச் சம்பளம் அடுத்த வருட ஃபாஃப்சாவில் உங்களுக்கு எதிராக எண்ணப்படாது. வெளியே கடையில் சம்பாதிப்பது எண்ணப்படும். வொர்க்-ஸ்டடி ஒதுக்கப்பட்ட மாணவர், வருமானம் பொருந்தினால், கேல்ஃபிரெஷ் உணவு உதவிக்கும் தகுதி பெறலாம். படிவத்தில் "வொர்க்-ஸ்டடி வேண்டுமா" என்று கேட்டால் ஆம் என்று குறியுங்கள். பிறகு வேண்டாமென்று சொல்லிக்கொள்ளலாம்.

கடன் வாங்கலாமா?

கம்யூனிட்டி காலேஜில் கடைசியாக யோசிக்க வேண்டியது இது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் மத்திய அரசின் நேரடிக் கடனில் சப்ஸிடைஸ்டு வகையை முதலில் எடுங்கள். படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதல் வருடம் மொத்தம் 5,500 டாலர், அதில் சப்ஸிடைஸ்டு 3,500 வரை. குறைந்தது 6 யூனிட் எடுக்க வேண்டும். படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துக் கட்டத் தொடங்கலாம். சில கம்யூனிட்டி காலேஜ்கள் கடன் திட்டத்திலேயே சேருவதில்லை. தனியார் வங்கிக் கடன் பக்கம் போகாதீர்கள். மானியங்கள் அத்தனையையும் கேட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

இஓபிஎஸ் என்று ஒரு பலகை பார்த்தேன். அது என்ன?

என்னைப் படிக்க வைத்த வாசல் அது. 1969 முதல் இருக்கும் மாநிலத் திட்டம். குறைந்த வருமானமும், படிப்பில் பின்தங்கக் காரணமான சூழலும் உள்ள முழுநேர மாணவருக்கானது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவது, வீட்டில் ஆங்கிலம் பேசாதது போன்றவை அந்தச் சூழலில் சேரும். புத்தகக் கூப்பன், பதிவில் முன்னுரிமை, செமஸ்டருக்குச் சில முறை கட்டாயம் சந்திக்க வேண்டிய கவுன்சலர், இவை கிடைக்கும். முதல் செமஸ்டரில் நான் புத்தகம் வாங்கக் காசில்லாமல், நூலகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தரும் ரிசர்வ் புத்தகத்தை வாங்கி, கணக்குகளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டாம் செமஸ்டரில் கூப்பனில் புதுப் புத்தகம் வந்தது. அதன் வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

தனியாகக் குழந்தை வளர்ப்பவருக்குக் கேர், ஃபாஸ்டர் கேரில் வளர்ந்தவருக்கு நெக்ஸ்ட்அப், உடல் அல்லது கற்றல் குறைபாடு உள்ளவருக்குத் தனிப் பிரிவு என்று இன்னும் உண்டு. வகுப்பு அட்டவணையில் ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட் என்ற குறி இருக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் புத்தகச் செலவே இல்லை. அதுவும் உதவிதான்.

பணம் எப்போது கைக்கு வரும்?

செமஸ்டர் தொடங்கி, எத்தனை யூனிட் என்று உறுதியான பிறகு. கல்லூரிக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள். ஒரே நாளில் எல்லாம் வராது, பெல் ஒரு நாள், கேல் கிராண்ட் இன்னொரு நாள் என்று வரும். முதல் மூன்று நான்கு வாரச் செலவுக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மின்னஞ்சலை வாரத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள். சரிபார்ப்புக்காக ஆவணம் கேட்டு எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காததால் பணம் நின்றுபோவது சர்வசாதாரணம்.

வகுப்பைப் பாதியில் விட்டால் என்னாகும்?

இரண்டு விளைவுகள். எல்லா வகுப்பையும் செமஸ்டரில் 60 சதவீதம் கடப்பதற்கு முன் விட்டால், வாங்கிய பெல் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரும். 16 வாரச் செமஸ்டரில் நான்காம் வாரம் விட்டால் நீங்கள் ஈட்டியது கால்பங்குதான். கட்டாவிட்டால் அடுத்த உதவி நின்றுவிடும்.

ஒன்றிரண்டு வகுப்பை மட்டும் விட்டால் கல்வி முன்னேற்றக் கணக்கு அடிபடும். 2.0 சராசரி வேண்டும், எடுத்த யூனிட்டில் 67 சதவீதம் முடிக்க வேண்டும். ஒரு முறை மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், 12 யூனிட்டில் 5 யூனிட் கால்குலஸை விட்டேன். முடித்தது 7, அதாவது 58 சதவீதம். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எச்சரிக்கைப் பருவத்தில் பணம் நிற்காது, அடுத்த முறையும் தவறினால்தான் நிற்கும். அப்போதும் மருத்துவச் சான்றோடு மேல்முறையீடு செய்யலாம். வகுப்பை விடுவதற்கு முன்பு, விட்ட பிறகு அல்ல, நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படிவத்தில் இருப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய சம்பளம். இப்போது வேலை போய்விட்டதே?

கல்லூரியில் சிறப்புச் சூழ்நிலை மனு கொடுங்கள். வேலை நீக்கக் கடிதம், இப்போதைய வருமான விவரம், பெரிய மருத்துவச் செலவு இருந்தால் ரசீது, இவற்றை இணைக்க வேண்டும். அலுவலகம் புதிய வருமானத்தை வைத்துக் கணக்கை மாற்றலாம். மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் கேட்காதவருக்குத் தானாக மாற்றமாட்டார்கள்.

மானியம் எதுவும் கிடைக்காத நடுத்தரக் குடும்பத்துக்கு?

வருமான வரியைப் பாருங்கள். அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி கிரெடிட் என்ற கழிவில், கட்டணமும் பாடப்புத்தகமும் சேர்ந்த செலவில் முதல் 2,000 டாலர் முழுவதும், அடுத்த 2,000-இல் கால்பங்கும் வரியிலிருந்து கழியும். அதிகபட்சம் 2,500. இணைந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 1,60,000 டாலர் வருமானம் வரை முழுமையாகவும், அதற்கு மேல் 1,80,000 வரை குறைந்துகொண்டும் கிடைக்கும். வருடம் 30 யூனிட்டுக்கு 1,380 டாலர் கட்டணம், புத்தகத்துக்கு 600 டாலர் என்றால் மொத்தம் 1,980. அந்த முழுத் தொகையும் வரியில் திரும்பி வரும். மானியத்தால் கட்டிய செலவைக் காட்டக் கூடாது. ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகள்தான் என்பதால், யூனிவர்சிட்டி ஆண்டுகளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். புத்தக ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்காலர்ஷிப் எங்கே தேடுவது?

முதலில் உங்கள் கல்லூரியின் அறக்கட்டளைப் பக்கத்தில். அங்கே போட்டி குறைவு, பெரும்பாலும் ஒரே விண்ணப்பத்தில் பல ஸ்காலர்ஷிப்கள். தேசிய அளவில் நல்ல மதிப்பெண்ணோடு யூனிவர்சிட்டிக்கு மாறுகிறவர்களுக்கு ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் ட்ரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் இருக்கிறது, வருடத்துக்கு 55,000 டாலர் வரை. கடும் போட்டி, ஆனால் அது கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கென்றே இருப்பது. கட்டுரையில் மாவட்ட முதலிடம், நாட்டியப் பட்டியல் எல்லாம் அடுக்காதீர்கள். காலையில் தம்பியைப் பள்ளியில் விட்டு, மதியம் வேலை பார்த்து, இரவில் படித்ததை அப்படியே எழுதுங்கள்.

ஃபாஃப்சா போட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்கிறார்களே?

தராதீர்கள். அந்தப் பெயரின் முதல் சொல்லே இலவசம் என்பதுதான். கல்லூரி அலுவலகமே உட்கார வைத்து நிரப்பித் தரும். உங்கள் லாகினை யாரிடமும் கொடுக்காதீர்கள். திருடிய அடையாளத்தில் போலி மாணவர்களைச் சேர்த்து நிதியுதவியை அடிக்கும் கும்பல்களால் கலிஃபோர்னியாக் கல்லூரிகள் பெரிதும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் அடையாளச் சரிபார்ப்பு கடுமையாகியிருக்கிறது. நேரில் வந்து அட்டையைக் காட்டச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் போய்க் காட்டுங்கள்.

செமஸ்டர் நடுவில் பணம் தீர்ந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

கல்லூரியின் பேசிக் நீட்ஸ் மையத்துக்குப் போங்கள். 2021-இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலும் அது இருக்க வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறி என்று உணவுப் பொருள் கிடைக்கும். கேல்ஃபிரெஷ் விண்ணப்பத்துக்கு உதவுவார்கள், வீட்டுப் பிரச்சினைக்கு வழிகாட்டுவார்கள், பல இடங்களில் அவசர மானியமும் உண்டு. மாணவர் அட்டை இருந்தால் போதும், பெரும்பாலும் காரணம்கூடக் கேட்கமாட்டார்கள். நான் முதல் முறை போனபோது வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். உள்ளே என் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் படிக்கும் மூன்று பேர் ஏற்கெனவே பையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.